கெணத்து மேல தொட்டி

தொட்டிச் சுவரில் பதித்த கருநீலக் கல் வரிசையைத் தண்ணி இன்னும் தொடவில்லை. டீ குடிக்கும் முன்னாடியும் தொடவில்லை, குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்த பிறகும் தொடவில்லை. போர் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஹோஸ் வாயிலிருந்து தண்ணி தொபதொபவென்று விழுந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னே ஏன் ஏறமாட்டேன் என்கிறது இந்தக் கெரகம்? அர்த்தநாரி தொட்டி விளிம்பில் குத்தவைத்து அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் கொஞ்சம் குடிக்கும். புதுச் சிமிட்டி கொஞ்சம் குடிக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் அடைத்த பூச்சு கொஞ்சம் குடிக்கும். புதுப் பானைகூட ஒரு நாள் தண்ணி குடித்துத்தான் அடங்கும், இத்தனை பெரிய தொட்டி குடிக்காதா? குடிக்கட்டும், வயிறு முட்டக் குடிக்கட்டும். காலையில் ஜம்மென்று ஏறின தண்ணி மத்தியானத்துக்கு மேல் ஒரு விரல்கூட ஏறலையே, அதுக்கு என்ன சொல்றே என்று உள்ளே ஒன்று கேட்டது. கம்முனு கெட என்று அதன் வாயை அடைத்தார். இன்றைக்குப் பொழுது இறங்குவதற்குள் பெண்டாட்டி சம்பூர்ணத்தை இந்தத் தண்ணியில் நிறுத்தியாக வேண்டும். பழைய நூல் சேலையாகப் பார்த்துக் கட்டிவிட்டுத் தலையையும் வாரிவிட்டாயிற்று. இன்றைக்குத் தள்ளிப்போட்டால் நாளைக்கு அவருக்கே மனசு விட்டுப்போகும், அது அவருக்குத் தெரியும்.

ஊரில் இதை ஸ்விம்மிங் பூலு என்கிறார்கள். அர்த்தநாரி ஊட்டுப் பொடக்காணியில ஸ்விம்மிங் பூலாமா, வயசான காலத்துல கொழுப்பப் பாரு என்கிறார்கள். பேசட்டும், பேச வாய் இருக்கிறவர்கள் பேசட்டும். அவருக்கு இது தொட்டி, அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இந்தத் துண்டு நிலத்தில் பெண்டாட்டிக்காகத் தன் கையாலேயே கட்டின தொட்டி. அவள் அதோ பின்வாசல் நிழலில் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நாள் விழுந்தாள், கண் திறந்தபடியே கிடந்தாள். வலது கையும் காலும் அன்றைக்குப் போனவைதான். பேச்சும் அன்றைக்குப் போனதுதான். வீட்டுக்கு வந்து கைகாலை அசைத்துவிடுகிற மதிவதனி என்கிற பெண்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னது: “தண்ணிக்குள்ள நின்னா உடம்போட வெயிட்டு தெரியாதுங்கப்பா. காலுக்குத் தைரியம் வந்துருச்சுன்னா சில பேருக்கு வாய்க்கும் தைரியம் வரும்.” வாய்க்கும். அந்த ஒரு சொல்லை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது, காலத்துக்கும் தூக்கிச் சுமப்பார். வாய்தான் வேணும். ஏனுங்க என்று ஒருக்கா கூப்பிட்டால் போதும், அப்புறம் எமன் வந்தாலும் செத்த இரு வர்றேன் என்று எழுந்து போய்விடலாம். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்து ஒருத்தர் குரல் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வருவது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று ஊருக்கு என்ன தெரியும்?

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் கட்டினார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் அரை டவுசரோடு குழி எடுக்கிறான், கம்பி கட்டுகிறான், கான்கிரீட் கொட்டுகிறான், அடுத்த நிமிஷம் பிள்ளைகுட்டியோடு உள்ளே குதிக்கிறான். அவனால் முடியும்போது பூமியைத் தோண்டியே பிழைத்தவனால் முடியாதா? திருச்செங்கோட்டில் பிறந்தவனுக்குப் போர் போடுகிற ரிக் வண்டி தாய்மாமன் மாதிரி, கூப்பிட்டால் போயே ஆகணும். ஒடிசா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கெங்கேயோ போர் போட்டார், மழைக்காலத்துக்கு மட்டும் வீட்டுக்கு வருவார். ஜேசிபி வைத்துக் குழி எடுத்தது ஒன்றுதான் ஆள் உதவி. கம்பி கட்டினது அவர், அடித்தளம் போட்டது அவர், சாலிட் பிளாக் அடுக்கினது, தண்ணி கசியாத பூச்சு இரண்டு கை அடித்தது, நீலக் கல் பதித்தது, நாற்காலியோடு இறக்க ஒரு ஓரமாகச் சரிவு வைத்தது எல்லாம் அவர். மணல் நிரப்பின சுத்திகரிப்பு டிரம்மும் சின்ன மோட்டாரும் மூலையில் தயாராக நிற்கின்றன. அந்த மோட்டாரைச் சும்மா சுவிட்சைத் தட்டி ஓட்டிவிட முடியாது. தலையில் தண்ணி ஊற்றி, உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுத்தான் ஓட்டணும், இல்லாவிட்டால் வெறுமனே உறுமிக் கருகிப்போகும். தண்ணி கருநீல வரிசைக்கு வந்தால் காற்றை எடுத்துவிட்டு ஓட்டிவிடலாம். வரட்டும், வரட்டும். மறுபடியும் பார்த்தார். வரவில்லை.

அந்தச் சத்தம் வேறு. காலையிலிருந்து கேட்கிறது, காலையிலிருந்து கேட்காத மாதிரி இருந்துகொண்டிருக்கிறார். ரிக் ஓட்டினவன் காதுக்குள் கம்ப்ரசர் சாகிற வரைக்கும் ஓடும், அது தொழில் கொடுத்த சீதனம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்ப்ரசர் விடாமல் ஓடும். இது விட்டு விட்டு வருகிறது. ஹ்ம்ம் என்று ஒரு இழுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் ஹா என்று ஒரு விடுதல். ஒவ்வொரு விடுதலுக்கும் தொட்டியின் நடுவில் ஒரு கொத்துக் கொப்புளம் ஏறி வந்து உடைகிறது. வேறு எங்கேயும் இல்லை, நட்ட நடுவில் மட்டும். புதுத் தொட்டின்னா காத்து வரத்தான் செய்யும், கல்லுக்கு அடியில மாட்டுன காத்துதான், வேறென்ன? வேறென்னவென்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருப்பதற்குத்தான் காலையிலிருந்து கருநீல வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹோஸைத் தூக்கிச் சரிவில் வைத்துப் பார்த்தார், கொப்புளம் நிற்கவில்லை. போர் மோட்டாரை நிறுத்திப் பார்த்தார். அது நின்றதும் பொடக்காணியே கப்பென்று அடங்கியது, காக்காகூட இல்லை, அந்த அமைதியில் மூச்சு இன்னும் தெளிவாக வந்தது. பயந்துபோய் மோட்டாரை மறுபடி போட்டுவிட்டார்.

கெணறு. சொல்லித் தொலைத்தால்தான் என்ன, கெணறுதான். இந்த இடத்தில் ஒரு கெணறு இருந்தது. ஊர் ஊராய்ப் போர் போட்டவன் தன் வீட்டில் போடாமல் விடுவானா, போட்டார், அடுத்த வெயிலுக்கே கெணறு வற்றி அடியில் சேறு வெடித்துக் கிடந்தது. பழைய ஓட்டு வீட்டை இடித்த மண்ணையும் செங்கல்லையும் கொட்டி மூடிவிடலாம் என்று லாரியை வரச்சொல்லிவிட்டார். அப்போதுதான் சம்பூர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரிக்கு முன்னால் வந்து நின்றாள். “உசுரோட இருக்கறதப் போட்டு மூடற மாதிரி மூடாதீங்க. பாலும் மஞ்சத்தண்ணியும் ஊத்தி, குந்துமணித் தங்கம் போட்டு, கும்புட்டுப்போட்டு மூடோணும். மூச்சு விடறதுக்கு ஒரு பைப்பு வெக்கோணும்.” அவர் சிரித்தார். “மூடுன கெணத்துக்கு மூச்சா? மொட்டத் தலைக்குச் சீப்பா? பைப்பு வெச்சா மேல வந்து பேசுமாக்கும்?” அவள் சிரிக்கவில்லை. “பேசாதுங்க. கேக்கும்” என்றாள். சரி, பொம்பள ஆசைப்படுது என்று ஒரு பைப்பை அடிவரைக்கும் நட்டு, அதைச் சுற்றி மண்ணைக் கொட்டி மூடினார். அந்தப் பைப்பு தரைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. அவள் அதன் வாய்க்கு ஒரு வலைத்துணி கட்டி வைத்தாள், பல்லி கில்லி விழுந்துவிடக்கூடாதாம். தொட்டிக்குக் குழி எடுத்தபோது அது சரியாக நடுவில் வந்து நின்றது. இந்தப் பக்கம் செப்டிக் டேங்க், அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், தொட்டியை நகர்த்த இடமில்லை. ஒரு எல்போ போட்டு வளைத்து ஓரமாக வெளியே இழுத்து விட்டிருக்கலாம். எத்தனை ஆயிரம் பைப்பை இணைத்த கை, அது ஒரு வேலையா? செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? பேச்சைப் பறித்துக்கொண்ட வீட்டில் கெணத்துக்கு மட்டும் என்ன மூச்சு வேண்டிக்கிடக்குது என்று ஒரு கோவம். யார் மேல் கோவம் என்று கேட்டால் தெரியாது. ஆக்சா பிளேடால் அறுத்தார், மூடியைப் பசை தடவி அழுத்தினார், அதன் மேலேயே கம்பி கட்டிக் கான்கிரீட்டைக் கொட்டினார்.

அன்றைக்கும் அவள் இதே நாற்காலியில் இதே இடத்தில்தான் இருந்தாள். அறுக்கிற சத்தம் கேட்டதும் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைப் படபடவென்று அடித்தாள். ம்ம், ம்ம், ம்ம் என்று தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம். “என்ன புள்ள, டீ வேணுமா? இரு, இத முடிச்சுப்போட்டு வெச்சுத் தர்றேன்.” முடித்துவிட்டு வைத்தும் தந்தார். டம்ளரைத் தட்டிவிட்டாள், சுடுடீ அவர் காலில் கொட்டியது. சீக்குக்காரங்களுக்குக் கோவம் வரும், நீங்கதான் அனுசரிச்சுப் போகணும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே. அனுசரித்துப் போனார். காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மீதிக் கான்கிரீட்டையும் கொட்டினார். அட மடையா, டீக்கா அடித்தாள் அவள்? இப்போது தெரிகிறது. அப்போதே தெரிந்ததோ என்னவோ, அதையும் இப்போது யார் கண்டது. அதற்கப்புறம் அவள் அடிக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. அவர் கல் பதித்ததையெல்லாம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

இப்போதும் பார்க்கிறாள். அவரை இல்லை, தண்ணியை இல்லை, கொப்புளம் வருகிற இடத்தை. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு நெஞ்சைப் பார்த்தார், பார்த்திருக்க வேண்டியதில்லை. சேலை மெல்ல மேலே ஏறியது, தண்ணிக்குள் ஹ்ம்ம் என்று இழுத்தது. சேலை இறங்கியது, ஹா என்று கொப்புளம் உடைந்தது. தற்செயல், தற்செயல். எண்ணிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். மறுபடியும் ஏறியது, மறுபடியும் இழுத்தது. அப்புறம்தான் கவனித்தார், அவருடைய மூச்சும் அதே கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தது. அடக்கிப் பார்த்தார். அடக்கின நேரத்துக்குக் கொப்புளமும் வரவில்லை, அவள் சேலையும் அசையவில்லை. ஐயோ சாமி என்று வாயால் காற்றை உறிஞ்சிக்கொண்டு எழுந்து நின்றார். துவைக்கிற கல்லில் போய்ச் சாய்ந்துகொண்டார். வெறும் வயித்துல டீ குடிச்சது, வேறொண்ணுமில்ல. வேறொண்ணுமே இல்ல.

அக்கம்பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. அர்த்தநாரி பொண்டாட்டி கெணத்துக்கிட்டப் பேசறா என்று. மழைக்கு வீட்டுக்கு வந்தபோது அவர் காதிலும் விழுந்தது. “என்னமோ கெணத்துக்கிட்டப் பேசறியாமா?” என்று கேட்டதற்கு, “நீங்க இல்லாதப்ப வேற யாருகிட்டப் பேசறது, நீங்களே சொல்லுங்க?” என்று திருப்பிக் கேட்டாள். துணி துவைக்கும்போது பேசுவாளாம், பாத்திரம் விளக்கும்போது பேசுவாளாம், குனிந்து உள்ளே பார்த்துக் கேள்விகூடக் கேட்பாளாம். அவருக்கும் போன் பண்ணத்தான் செய்தாள். ஏனுங்க, சாப்புட்டீங்களா? ஏனுங்க, அங்க குளுருங்களா? ஏனுங்க, ராத்திரி ஒரு கனாக் கண்டனுங்க என்று ஆரம்பிப்பாள், இந்தப் பக்கம் கம்ப்ரசர் அலறும். ஒண்ணும் கேக்கல, வை வை, அப்பறம் கூப்புடறேன். அப்பறம் என்ன அப்பறம், ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அந்தக் கனவு என்ன கனவு என்று இன்று வரைக்கும் தெரியாது. அவர் கேட்காத பேச்செல்லாம் எங்கே போயிருக்கும்? கெணறு வற்றி மூடின பிறகும் அந்தப் பைப்பு வாயில் குனிந்து அவள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, கிறுக்கு என்று சொல்லி டிவி போட்டிருக்கிறார். இப்போது அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் பிடிபடவில்லை. சொன்ன வார்த்தைகள் எல்லாம் இருக்கின்றன, குரல் மட்டும் இல்லை. கட்டினவள் குரலை மறந்துபோனவன் மனுசனா என்று தன்னையே வைதுகொண்டார்.

வெயில் சுவரில் ஏறிவிட்டது. இனி தாமதித்தால் தண்ணி குளிர்ந்துபோகும். முதலில் தான் இறங்கிப் பார்ப்பது, நடுவில் காலை வைத்துத் தட்டிப் பார்ப்பது, கெட்டியாக இருந்தால் அவளைச் சரிவு வழியாக இறக்குவது என்று முடிவு பண்ணினார். சட்டையைக் கழற்றித் துவைக்கிற கல்லில் போட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார். “எறங்கிப் பாத்துப்போட்டு வந்து உன்னையத் தூக்கறேன் புள்ள, என்ன?” அவள் இடது கை எழுந்து கைப்பிடியை அடித்தது. படபட, படபட. “பாரு அவசரத்த! இரு இரு, உனக்குத்தான கட்டுனேன், ஓடியா போயிரும்?” சிரித்துக்கொண்டே சரிவில் இறங்கினார். தண்ணி முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. உடம்பின் பாரம் போய்விட்டது, மதிவதனி சொன்னது நிசம்தான், இத்தனை வருஷத்துப் பாரத்தையும் யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கொப்புளம் வருகிற இடத்துக்குப் போய் வலது காலை மெல்ல வைத்தார். கல் ஆடியது. ஒரு நகம் அளவு உள்ளே போய் மறுபடி மேலே வந்தது. உள்ளங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்று ரிக்கில் நின்ற காலுக்கு உடனே தெரிந்துவிட்டது. கொட்டின மண்ணெல்லாம் கீழே அமுங்கி நடுவில் வெற்றிடமாகக் கிடக்கிறது, காலையிலிருந்து விட்ட தண்ணியெல்லாம் அதற்குள்தான் போகிறது, அங்கே இருக்கிற காற்றுதான் மேலே வருகிறது. அடித்தளம் எந்த நேரமும் போகும். எல்லாம் தெரிந்தது, போய்விடு போய்விடு என்று புத்தி சொன்னது, கால் நகரவில்லை. ஏனென்றால் இப்போது அது வெறும் மூச்சாக இல்லை.

ஏனுங்க என்றது. காதுக்குள் இல்லை, தண்ணிக்குள். அர்த்தநாரி குனிந்தார். ஏனுங்க, சாப்புட்டீங்களா? அதே குரல்தான், அட, இதுதானே அந்தக் குரல், இதைத்தானே மறந்து தொலைத்தேன்! சிரிப்பு ஒளிந்திருக்கிற குரல், கடைசியில் கொஞ்சம் இழுக்கிற குரல். கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது. சாப்புட்டேன் புள்ள என்றார். ஏனுங்க, அங்க குளுருங்களா? குளுரே இல்ல கண்ணு, சொல்லு, நீ சொல்லு, சத்தமே இல்ல இங்க, எல்லாம் கேக்குது. இன்னும் குனிந்தார், தாடை நனைந்தது, ஒரு காதைத் தண்ணியில் வைத்தார். ராத்திரி ஒரு கனாக் கண்டனுங்க என்று ஆரம்பித்தது. என்ன கனா, சொல்லு, என்ன கனா? குரல் தாழ்ந்துகொண்டே போனது, கேட்க வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், இன்னும் கொஞ்சம்தான். பயமே இல்லை. பயமில்லாமல் இருப்பதுதான் பயமாக இருந்தது, அதுவும் எங்கேயோ தூரத்தில் யாருக்கோ உள்ள பயம் மாதிரி இருந்தது. மூச்சை இழுத்து முகத்தை இறக்கினார்.

“அர்த்தநாரீ!”

தண்ணிக்குள் கேட்ட குரல் இல்லை இது. கரகரவென்று, துருப்பிடித்த கதவைப் பெயர்த்துத் திறந்த சத்தம். இந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை. அம்மா செத்ததிலிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட இந்தப் பொடக்காணியில் ஆளே இல்லை. சம்பூர்ணம் கழுத்தை நீட்டின நாளிலிருந்து அந்தப் பேரை வாயில் எடுத்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் ஆஸ்பத்திரியில் கேட்டாலும் செங்கோட்டு மலையைக் கைகாட்டுவாள், மேல இருக்கற சாமி பேருதானுங்க என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று முழுசாக நம்பினவள். “அர்த்தநாரீ!” தலையைத் தூக்கினார். நாற்காலியில் பாதி எழுந்து, இடது கையால் தூணைப் பிடித்து, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க அவள்தான் கத்திக்கொண்டிருந்தாள். அவர் எதையும் யோசிக்கவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போனார். தண்ணியைக் கையால் தள்ளித் தள்ளிப் போய்ச் சரிவில் முட்டி தட்டிய நேரத்தில் முதுகுக்குப் பின்னால் மளுக்கென்றது. தண்ணி காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. சரிவோரத்துக் கைப்பிடிக் கம்பியை இறுகக் கட்டிக்கொண்டார். நீலக் கல்லும் கான்கிரீட்டும் காலையிலிருந்து ஏறின தண்ணியும் ஒன்றாகச் சுழன்று, அந்த நடுக்குழிக்குள் ஹோவென்று இறங்கின.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. அவர் தவழ்ந்தே ஏறி, சொட்டச் சொட்டப் போய், சரிந்து கிடந்தவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். “பேசிட்ட புள்ள, பேசிட்ட!” என்று சிரித்தார், அழுதார், அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அர்த்தநாரி” என்றாள். “ஆமா, நான்தான், வந்துட்டேன்.” “அர்த்தநாரி.” “பயந்துட்டியா?” “அர்த்தநாரி.” “தண்ணி வேணுமா கண்ணு? எங்கியாச்சும் அடி பட்டுருச்சா?” அவள் உதடு துடித்தது, வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள், கண் இரண்டும் தவித்தன, வந்தது அது ஒன்றுதான். அவளுக்கே அது தெரிந்தது. தலையை ஆட்டினாள், இடது கையால் வாயைப் பொத்தினாள், பொத்தின கைக்குள்ளிருந்தும் அதுவேதான் வந்தது. அவருக்குப் புரிந்தபோது உடம்பெல்லாம் கூசியது. பசித்தாலும் இதைத்தான் சொல்லப்போகிறாள், வலித்தாலும் இதைத்தான், அவர் ஆயுசைக் குறைக்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே சொல்லப்போகிறாள். குழியிலிருந்து மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அவர் படியில் அவள் காலடியில் உட்கார்ந்தார், வாயைப் பொத்தியிருந்த கையை மெல்ல விலக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். “அர்த்தநாரி” என்றாள். “சொல்லு புள்ள, கேக்குது” என்றார்.